எழுபத்தைந்துக்கு எழுபத்தைந்து

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரோடு பத்து நிமிஷம் பேசியவர்கள் எல்லாம், சென்னையில் ஓடுகிற பாதி இன்ஜின்களை இவர்தான் செய்து அனுப்பியிருக்கிறார் என்று நம்பிக்கொண்டு போவார்கள்.

ஒரே ஒரு முறை லைசென்ஸ் பரீட்சைக்குப் போனாராம். ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டாராம். "கம்பத்தைத் தப்பான எடத்துல நட்டு வெச்சிருந்தான்" என்று அவரே என்னிடம் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

நான் ஆக்டிங் டிரைவர். கூப்பிடுகிற வீட்டுக்குப் போய், அவர்கள் வண்டியை அவர்கள் சொல்கிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கிளம்புகிறவன். வீடு நொச்சிக்குப்பத்தில். என் மனைவி கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கிறாள். அபிராமபுரத்தில் ஒரே தெருவில் எனக்கு ஏழு வீடுகள் இருந்தன. அவர் வீடு அதில் ஒன்று. இரண்டாவது மாடி, அவரும் மாமியும் மட்டும். மகள் பெங்களூரில். நான் அவரை சார் என்பேன். அவர் என்னை 'டிரைவர்' என்பார். என் பெயர் சவரி என்று மாமிக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும்.

முதல் நாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "வண்டியைத் தொடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. இதோட போர் என்ன, ஸ்ட்ரோக் என்ன?"

"அது தெரியாது சார். பெட்ரோல் கீது. டயர்ல காத்து பாத்துட்டேன்."

அவர் மாமியைத் திரும்பிப் பார்த்தார். 'இவனையா கூப்பிட்டே?' என்கிற பார்வை. "போர் எழுபத்திரெண்டு மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் எழுபத்தஞ்சு. ஞாபகம் வெச்சுக்கோ. இது தெரியாம ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் மாட்டுவண்டி ஓட்டத்தான் லாயக்கு."

அன்றைக்கு நாங்கள் போனது லஸ் பக்கத்தில் ஒரு பல் டாக்டரிடம். இரண்டு கிலோமீட்டர் இருக்காது.

போர், ஸ்ட்ரோக் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. இன்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிற குழியின் அகலம்தான் போர். அது ஏறி இறங்குகிற தூரம்தான் ஸ்ட்ரோக். இதை அவர் விளக்குகிற விதம் ஒன்று உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி காபி கொண்டுவந்து வைப்பார். வந்தவர் கை நீட்டுவதற்குள் சார் அதை எடுத்துக்கொள்வார்.

"இந்த டம்ளரைப் பாருங்கோ. வாய் குறுகல், ஒசரம் ஜாஸ்தி. இதுதான் லாங் ஸ்ட்ரோக். பிஸ்டன் ரொம்ப தூரம் போயிட்டு வரணும். அதனால ரொம்ப வேகமாச் சுத்த முடியாது. ஆனா மெதுவாப் போறச்சேயே நன்னா இழுக்கும். இப்போ டவராவைப் பாருங்கோ. வாய் அகலம், ஒசரம் கம்மி. ஷார்ட் ஸ்ட்ரோக். பிஸ்டனுக்குக் கொஞ்ச தூரம்தான் வேலை. படபடன்னு சுத்தும். ஹைவேல பறக்கும். சிக்னல்ல நின்னு கிளம்பறச்சே முக்கும். ரெண்டுலயும் அதே அளவு காபிதான். பாத்திரம்தான் வேற."

சொல்லி முடிப்பதற்குள் காபியில் ஆடை கட்டிவிடும். குரியர் கொண்டுவந்தவர், தண்ணீர் கேன் போட வந்தவர், மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர், எல்லோரும் ஆடை கட்டின காபியைக் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலே. எங்கள் அப்பாவின் படகில் ஒரு பழைய டீசல் இன்ஜின் இருந்தது. ஒவ்வொரு சுற்றையும் எண்ணிவிடலாம் போல அவ்வளவு மெதுவாகச் சுத்தும். ஆனால் வலை முழுக்க மீனோடு அலையை எதிர்த்துக்கொண்டு வரும். ஒருநாள் இதைச் சொன்னேன். "அதுவும் லாங் ஸ்ட்ரோக்தான் போல சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் நாட்டு இன்ஜின். அதைப் போய் இதோட சேக்காதே" என்றார். அதற்குப் பிறகு நான் அவரிடம் இன்ஜினைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

அவர் திறந்துகொண்டே இருப்பார். பின் சீட்டில் உட்கார்ந்து, முன் சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டி, எந்த கியரில் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவார். கோட்டூர்புரம் பாலம் ஏறும்போது, "மூணாவதுலயே போ, மாத்தாதே, இழுக்கும்" என்பார். இழுக்கும். "பாத்தியா?" என்பார். தி.நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவிலும், "மூணாவதுலயே போ" என்பார். ஆள் நடக்கிற வேகத்தில் எந்த வண்டி மூணாவதில் போகும்? நின்றுவிடும். பின்னால் ஆட்டோக்காரர்கள் எங்கள் வீட்டுப் பெண்களை எல்லாம் விசாரிப்பார்கள். "க்ளட்சை அவசரப்பட்டு விட்டுட்டே. உன் தப்பு" என்பார் சார்.

இழுத்தால் அவர் கணக்கு. நின்றால் என் கால். அவருக்கு ஓட்டிய நான்கு வருஷமும் இதே கதைதான்.

எனக்கு மட்டும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தால் லேப்காரனுக்கு எண்ணத் தெரியவில்லை. சாம்பார் தீய்ந்தால், அவர் ஃபோனில் பேசிக்கொண்டே அடுப்பைப் பெரிதாக்கியது காரணமில்லை. மாமி பருப்பை அதிகமாகப் போட்டதுதான் காரணம். மாமி எதற்கும் பதில் சொல்லமாட்டார். முதலில் எல்லாம் அதைப் பொறுமை என்று நினைத்தேன். அப்புறம் களைப்பு என்று புரிந்தது.

வாட்ச்மேன் விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போனால் நான் நேர்மையானவன் இல்லை.

கோடையில் ஒரு நாள் காலை. நான் கீழே வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சார் அப்போது குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர். இறங்கி வந்து வாட்ச்மேனிடம், "மேல் தொட்டி நிரம்பற வரைக்கும் மோட்டாரை அணைக்கப்படாது" என்றார். பெரியவர், "கீழ சம்புல தண்ணி கம்மியா கீது சார்" என்றார். "சொன்னதைச் செய்" என்றார் இவர். கீழ்த் தொட்டி வற்றி, மோட்டார் வெறுமனே ஓடி, அதன் கம்பிச்சுருள் கருகிப்போனது. சாயங்காலம் சங்கக் கூட்டத்தில், "நான் அணைக்கத்தான் சொன்னேன். கெழவனுக்குக் காது கேக்கல" என்றார். ஒன்பது வருஷம் அங்கே இருந்த மனிதர் மறுநாள் பையை எடுத்துக்கொண்டு போனார். கேட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்தார். அந்தக் காலையில் பத்தடி தூரத்தில் நான் நின்றிருந்தது அவருக்குத் தெரியும். எனக்கு அந்தத் தெருவில் ஏழு வீடு. நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

இனி இன்ஜின் கதை.

மாமிக்கு ஒரு தம்பி. வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பாலவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சிரித்த முகம். சாருக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஒருநாள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டுக்கொண்டு, தி.நகர் மேம்பாலம் ஏறினேன். இருபது வருஷத்து வண்டி. நடுவில் மூச்சு வாங்கியது. இரண்டாவது கியருக்கு இறக்கினேன். மைத்துனர் சும்மா இருக்கக்கூடாதா? "என்ன அத்திம்பேர், லாங் ஸ்ட்ரோக் நன்னா இழுக்கும்பேளே. இறங்கித் தள்ளட்டுமா?" என்றார். மாமிகூடச் சிரித்துவிட்டார். கண்ணாடியில் சாரின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஒரு வாரம் கழித்து, பார்க்கிங்கில் என்னைக் கூப்பிட்டு, பானெட்டின் மேல் ஒரு பெரிய காகிதச் சுருளை விரித்தார். பழுப்பேறிய வரைபடம். அவர் முப்பது வருஷம் ஒரு இன்ஜின் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தவர். மற்றவர்கள் யோசித்த இன்ஜினை இவர் காகிதத்தில் வரைந்து கொடுக்கவேண்டும். இது மட்டும் அவரே யோசித்து, வீட்டில் உட்கார்ந்து வரைந்தது. போர் எழுபத்தைந்து, ஸ்ட்ரோக் எழுபத்தைந்து.

"அகலமும் ஒசரமும் சமம். இதுக்கு ஸ்கொயர்னு பேரு. இழுவையும் இருக்கும், வேகமும் இருக்கும். அப்போ மேல இருந்தவன் ஒருத்தன்கூட இதைப் பிரிச்சுப் பாக்கல."

பொய் சொல்லமாட்டேன். அந்தக் கோடுகள் அழகாக இருந்தன. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு அழிப்பு இல்லை. ஓரத்தில் எழுதியிருந்த எண்கள்கூடக் கோவில் சுவரில் செதுக்கியது மாதிரி இருந்தன. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று அவர் சொன்னபோது குரல் வேறு மாதிரி இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. குனிந்து பார்க்கலாம் என்று காகிதத்தின் முனையைப் பிடித்தேன்.

"தொடாதே. கைல எண்ணெய்" என்றார்.

பாவம் போய்விட்டது.

ராயப்பேட்டையில் ஒரு சந்தில் இஸ்மாயில் பாயின் பட்டறை இருக்கிறது. தேய்ந்துபோன இன்ஜின் குழிகளைக் கடைந்து சீராக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டுத் தருவார். நான்தான் சாரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். பாய் குழிகள் இருக்கிற இன்ஜின் பிளாக்கைப் பார்த்துவிட்டு, "அரை மில்லி கடையலாம் சார். மிஞ்சிப் போனா ஒண்ணு" என்றார்.

"மூணு" என்றார் சார். எழுபத்திரண்டு எழுபத்தைந்தாக வேண்டும்.

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சார், இது சுவரு. இந்தாண்ட பிஸ்டன், அந்தாண்ட தண்ணி. மூணு மில்லி கடைஞ்சா சுவரு மெலிஞ்சிப் போவும். ரெண்டு குழிக்கும் நடுவுல இருக்கிற இடமும் கொறைஞ்சிடும். மேல வைக்கிற கேஸ்கெட்டு எதைப் புடிச்சிக்கினு நிக்கும்? நம்ம ஊரு வெயில்ல, ட்ராஃபிக்ல, ஏ.சி. வேற போட்டா சூடு தாங்காது சார்."

"நான் முப்பது வருஷம் இதை வரைஞ்சவன்."

"நான் முப்பது வருஷம் இதைக் கடைஞ்சவன் சார்."

கடைசியில் பாய் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார். "அப்ப எழுதிக் குடு சார். மூணு மில்லி, உங்க பொறுப்புன்னு." சார் அந்த அழகான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வண்டி வந்தது. முதல் ஒரு மாசம் பறந்தது. அதையும் மறைக்கமாட்டேன். தி.நகர் மேம்பாலத்தை ஏ.சி.யோடு மூணாவதில் ஏறியது. சார் பின் சீட்டில் பேசாமல்கூட வந்தார், அவ்வளவு சந்தோஷம். சூட்டைக் காட்டுகிற முள் மட்டும் முன்பு நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது. சொன்னேன். "பெரிய இன்ஜின், பெரிய சூடு. இயற்கை" என்றார்.

பாலவாக்கத்து வீட்டுக் கிரகப்பிரவேசம் வைகாசியில் வந்தது. சார் போனது வீட்டைப் பார்க்க இல்லை. சாப்பாடு முடிந்ததும் மைத்துனரையும் அவர் நண்பர் ஒருவரையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். ஈ.சி.ஆர். சாலையில் மூன்று முறை மேலும் கீழும் ஓட்டவைத்தார். "மிதி, இன்னும் மிதி" என்று என் முதுகுக்குப் பின்னால் கத்தினார். மைத்துனர் உண்மையாகவே, "பிரமாதம் அத்திம்பேர்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "வா, மயிலாப்பூர் வரைக்கும் வந்து பாரு" என்று மைத்துனரை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சாரும் மாமியும் பின்னால். மைத்துனர் என் பக்கத்தில். மணி ஒன்றரை இருக்கும்.

திருவான்மியூர் சிக்னலில் முள் ஏற ஆரம்பித்தது. "சார், சூடு ஏறுது. ஓரமா கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாம்" என்றேன்.

"மீட்டர் பழசு. ஓட்டு."

எல்.பி. ரோட்டில் நெரிசல். "சார், ஏ.சி.யாவது அமத்திடறேன்."

"ஏ.சி.யோட இழுக்கறதைக் காட்டத்தானே கூட்டிண்டு போறோம்? ஓட்டு."

அடையாறு டெப்போ தாண்டும்போது முள் சிவப்பைத் தொட்டது. இந்த முறை நான் திரும்பியே சொன்னேன். "சார், இதுக்கு மேல போனா இன்ஜின் போயிடும். நிறுத்தறேன் சார்."

"உன்னை ஓட்டத்தான் கூப்பிட்டது. யோசிக்க இல்லை."

மைத்துனர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யாரோடோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை. மாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடையாற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. பின்னால் வெள்ளைப் புகை. பானெட்டுக்கு அடியில் நீர் கொதிக்கிற சத்தம். பஸ்காரன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. டிராஃபிக் போலீஸ்காரர் ஓடிவந்து, "நடுப் பாலத்துல இன்னாய்யா இது?" என்று கத்தினார். எல்லோரும் இறங்கினோம். மைத்துனர், "என்னாச்சு அத்திம்பேர்?" என்று கேட்டார்.

சார் என்னைப் பார்க்கவில்லை. மைத்துனரைப் பார்த்துச் சொன்னார். "திருவான்மியூர்லயே நிறுத்துடான்னேன். முள் ஏறறது, நிறுத்துன்னு மூணு தரம் சொன்னேன். இவன் கேக்கல. இவாளையெல்லாம் வெச்சிண்டு என்ன பண்றது?"

நான் சொன்ன வார்த்தையையே எடுத்து, எண்ணிக்கைகூட மாறாமல், தன் வாயில் போட்டுக்கொண்டார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அந்த வாட்ச்மேனின் முகம் ஞாபகம் வந்தது. மாமியின் மேல் எவ்வளவு கோபம் வந்ததோ அவ்வளவும் என் மேலேயும் திரும்பியது.

வண்டியைத் தள்ளி ஓரம் கட்டிவிட்டு, சாவியை பானெட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தேன்.

அந்த வாரமே தெருவில் எனக்கு வேலை நின்றது. குடியிருப்பின் ஃபோன் குழுவில் சார் எழுதியிருந்தாராம். 'கவனக்குறைவான டிரைவர், இன்ஜினை எரித்துவிட்டார், மற்றவர்கள் எச்சரிக்கை.' டீக்கடையில் புது வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டுகிறேன். ஒரு கீறல் போட்டதில்லை. மற்ற ஆறு வீடும் ஒன்றன்பின் ஒன்றாக, "அப்புறம் சொல்றோம்ப்பா" என்றார்கள். விடிகாலையில் மனைவிக்கு ஐஸ் பெட்டி தூக்கிக் கொடுத்துவிட்டு, மற்ற நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "நீ எதுக்கு வாயை மூடிக்கினு வந்த? நாலு பேரு முன்னாடி கேக்க வேண்டியதுதானே?" என்று அவள் கேட்டாள். நான் ஐஸ் பெட்டியை எடுத்துக் கழுவினேன்.

ஒரு மாசம் கழித்து இஸ்மாயில் பாய் ஃபோன் செய்தார். "நைனா, அந்த ஸ்கொயர் சாரோட இன்ஜின் இப்பதான் பிரிச்சேன். அவரும் வந்துக்கினு கீறாரு. நீயும் வா. நீ பாக்கணும்."

போனேன். சார் வந்திருந்தார். மாமியும் கூட வந்திருந்தார். ஏன் வந்தார் என்று அப்போது புரியவில்லை.

பாய் இன்ஜினின் மேல்மூடியைத் திருப்பிக் காட்டினார். இரண்டு இரும்புக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கெட் தகடு, இரண்டாவது குழிக்கும் மூன்றாவது குழிக்கும் இடையில் கருகி அறுந்திருந்தது. அங்கே அது உட்கார இடமே இல்லை. நூல் மாதிரி ஒரு விளிம்புதான். டார்ச்சை அடித்து மூன்றாவது குழிக்குள் காட்டினார். சுவரில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல்.

"டிரைவர் மேல தப்பு இல்ல சார். அன்னிக்கு நிறுத்தியிருந்தா அன்னிக்கு பொழைச்சிருக்கும். அடுத்த மாசம் போயிருக்கும். மூணு மில்லி சார்."

சார் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். அளவெடுக்கிற அந்தக் கருவியை அவர் பேனா மாதிரி எப்போதும் வைத்திருப்பார். குனிந்து குழியின் வாயை இரண்டு பக்கமும் அளந்தார். நிமிர்ந்தார். "ரவுண்டா இல்லை. ஓவல். நீங்க கடைஞ்சது கோணல்."

பாய் மேஜை இழுப்பறையைத் திறந்து காலண்டர் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சார் அதைப் படித்தார். தன் கையெழுத்தை ஒருமுறை தடவிக்கூடப் பார்த்தார்.

"மூணு மில்லின்னுதான் எழுதியிருக்கேன். கோணலா மூணு மில்லின்னு எழுதல."

பாய் சிரித்துவிட்டார். கோபம் வந்து சிரிக்கிற சிரிப்பு இல்லை. ஒரு மனிதன் இவ்வளவு தூரமும் போவானா என்கிற சிரிப்பு. "சூடு ஏறினா இரும்பு கோணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

"அந்தச் சூட்டை ஏத்தினது யாரு? இந்த டிரைவர்தானே?" என்றார் சார்.

அப்போது மாமி பேசினார்.

"சவரி நிறுத்தறேன்னான். மூணு தரம் சொன்னான். நீங்கதான் ஓட்டு ஓட்டுன்னேள்."

பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பாய் போய் அதை நிறுத்திவிட்டு வந்தார்.

சார் மாமியைப் பார்த்தார். "இன்ஜினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"நான் இன்ஜினைப் பத்திப் பேசல" என்றார் மாமி. குரல் உயரவில்லை. "அன்னிக்கே பாலத்துல சொல்லியிருக்கணும். வாட்ச்மேன் போறச்சயும் சொல்லியிருக்கணும். எனக்கு அது தெரியும்." என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கோப்பா."

சார் வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனார்.

மறுநாள் மாமி அந்தத் தெருவில் ஆறு வீட்டுக்கும் படியேறிப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது என்ன என்று சொன்னார். ஃபோன் குழுவில் எழுதவில்லை, நேரில் சொன்னார். ஐந்து வீடு என்னைத் திரும்பக் கூப்பிட்டது. மாமி அந்தப் பழைய வாட்ச்மேனையும் தேடினார். செங்கல்பட்டுப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் அவரைப் பற்றித் தெரியவில்லை. நான் தேடவில்லை.

சாரின் வண்டி எடைக்குப் போனது. அந்த மூன்று மில்லி விஷயத்தை அவர் விடவில்லை என்று கேள்வி. யார் வந்தாலும், கணக்கு சரி, கடைந்தவன்தான் சரியில்லை என்று டவராவும் டம்ளருமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வருஷம் மாமி மந்தைவெளியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். வயது ஐம்பத்தெட்டு. முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினார். கைமாறி வந்த ஒரு சின்ன கார் வாங்கினார். அதன் போரும் ஸ்ட்ரோக்கும் இந்த ஊருக்குச் சரிப்பட்டு வராது என்று சார் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாராம். மாமி அதை மடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பத்து நாள் பக்கத்துல உக்காந்துண்டு வரியா சவரி? ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறவர் கால்லயும் ஒரு பிரேக் இருந்தது. அது இல்லாம ஓட்டிப் பழகணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மாமி சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தார். பின் கதவு திறந்தது. வேட்டி, சட்டைப் பையில் வெர்னியர். சார் ஏறி உட்கார்ந்தார். எனக்கு வணக்கம்கூட இல்லை.

கிரீன்வேஸ் சாலை காலியாக இருந்தது. மாமி நன்றாகவே ஓட்டினார். கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான். பின்னால் இருந்து ஆரம்பித்தது.

"செகண்டுக்குப் போ. இது ஷார்ட் ஸ்ட்ரோக். சுத்தலேன்னா இழுக்காது... இப்போ மாத்து... ஏன் இப்பவே மாத்தினே?... மிதி... இவ்ளோ மிதிக்காதே..."

திருப்பத்தில் வண்டி நின்றுவிட்டது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்."

மாமி ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். திரும்பவில்லை. "இறங்குங்கோ."

"என்ன?"

"இறங்குங்கோ. நாங்க ஒரு சுத்து போயிட்டு வரோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வைப்பரைப் பார்த்தேன். பிறகு கதவு திறந்து மூடியது.

மாமி வண்டியைக் கிளப்பினார். ஒரு குலுக்கல் இல்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் மரத்தடியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது சின்னதாகிக்கொண்டே போனது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இரண்டாவது சுற்றில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது சுற்றிலும். காலை நடைக்கு வந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். நான்காவது சுற்றில் மாமி நிறுத்தினார்.

"ஏறிக்கோங்கோ. பேசப்படாது."

ஏறினார். வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மாமி வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்து, பூட்டிவிட்டு வரச் சொல்லி, பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மேலே போனார். சார் போகவில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"டிரைவர்."

"சார்."

"அன்னிக்குப் பாலத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மேலே, வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு வெயில் ரொம்ப ஜாஸ்தி."

அவரால் போக முடிந்த தூரம் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்தது. 'ஆமாம் சார்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். சிரமமான வார்த்தையும் இல்லை.

நான் வண்டியைப் பூட்டிவிட்டு, சாவியை மாமியிடம் கொடுக்கப் படியேறினேன்.